சங்கத்துக்கு ஒத்த ஆளு வேணும்

…அம்புட்டுப் பேரும் அறுவத்தஞ்சத் தாண்டியாச்சு தம்பி! ரத்ததான முகாம் நடத்துறது நாங்க. ஆனா எங்க சங்கத்துல ஒத்த ஆளுகிட்டகூட ரத்தம் எடுக்க மாட்டேங்குறாக. வயசு போச்சாம்! காலையில எங்க ஒச்சாண்டி அண்ணன் சட்டையக் கழட்டிட்டு வந்து ஜம்முனு படுத்துட்டாரு. இந்தா நிக்கிற இவாஞ்சலின் சிஸ்டர், "தாத்தா எந்திரிங்க, ரத்தம் குடுக்க ஆள் வருது"ண்டு எழுப்பி விட்ருச்சு. முன்னாள் தலைவர, தம்பி! முன்னாள் தலைவர!

கையில குடுத்த பந்த அமுக்கு, அமுக்கிக்கிட்டே கேளு. ஊசி குத்தியிருக்குல்ல, எங்க போயிரப் போற.

மார்க்கையன்கோட்டை சேவைச் சங்கம்ண்டா ஒரு காலத்துல எப்பிடி இருந்துச்சு! இப்ப எல்லாருமே முன்னாள் தலைவரு. நேத்து இந்த பேனரக் கட்டணும்… ஏணியப் புடிக்க "நான், நீ"ண்டு எல்லாரும் வந்தாக. ஏறுறதுக்குத்தான் ஆளில்ல. அதான் செவுத்துல சாத்தி வச்சிருக்கு.

இந்த மாசத்துக்குள்ள புதுசா ஒரு ஆளு சேரலேண்டா, எங்கள ஓடைப்பட்டிச் சங்கத்தோட சேத்துருவோம்ண்டு மேலிடத்துல சொல்லிட்டாக. அங்கன தலைவரு யாரு? எம் மச்சான் வேல்பாண்டி! அந்தாளு மேடையில உக்காந்து பேச, தலைவரா இருந்த நான் கீழ உக்காந்து கை தட்டணுமா? ம்ஹும்… செத்தாலும் மாட்டேன்.

எளவட்டங்க வரலேண்டும் சொல்ல முடியாது. வந்தாய்ங்க. கார்த்திக்ராஜ்ண்டு ஒரு பையன், திராட்சைத் தோட்டம் வச்சிருக்கான், தங்கமான பிள்ள. போயிட்டான். பேங்குல வேல பாக்குற உமாதேவி வந்துச்சு. அதுவும் போச்சு. ஏன்ங்குற? எங்க விதி அப்பிடி. புது ஆளச் சேக்கணும்ண்டா எல்லாரும் சரிங்கணும். ஒருத்தர் "மறுப்பு"ண்டு கையத் தூக்கிட்டாலும் முடிஞ்சு போச்சு.

யாரு தூக்குனதா?

…நாந்தான். அட, காரணமில்லாமயா தூக்குவேன்! கார்த்திக்ராஜோட அப்பன் எங்க வீட்டுக் காதுகுத்துக்கு வரல. உமாதேவி மாமனாரு கல்யாணப் பத்திரிகையில ஈஸ்வரபாண்டிங்குற எம்பேர கடைசியில, அதுவும் எறும்பு மாதிரி போட்டாரு. யாரு வீட்டு ஆளுண்டு பாக்காம சேக்க முடியுமா?

சரி, அத விடு. ஒன்னயப் பாத்தா நல்ல பிள்ளையாத் தெரியுது. நீ சேந்துரு. எங்க மானமே ஓங்கையிலதான் இருக்கு. எந்த ஊரு? சின்னமனூரா… நல்லதாப் போச்சு. யாரு மகன்?

…உரக்கடை சுருளிராஜன் மகனா? ஏலே! ஒங்கக்கா கல்யாணப் பந்தியில எனக்கு மட்டும் பாயாசம் விடாமப் போனாகளே! வாளி பக்கத்து எல வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போகுது, ஒங்கப்பன் பாத்துக்கிட்டே நிக்கிறாரு! முடியாது. மறுப்பு! இந்தா, கையத் தூக்கிட்டேன்.

ஏம்மா சிஸ்டர், ஊசிய எதுக்கு உருவுற? அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?

தம்பி, எங்க எந்திரிக்கிற? மறுப்புண்டா ஒடனே போயிர்றதா? "பெரியப்பா, மனசுல வச்சுக்காதீக"ண்டு ஒரு வார்த்த சொல்ல வேணாமா? நீ கெஞ்சு, நான் கைய எறக்குறேன், அம்புட்டுத்தான!

தம்பி… அட தம்பி! கை வலிக்குதுய்யா, வந்து கெஞ்சிட்டுப் போ!