கொடுத்தவர் பெயரைக் கரும்பலகையில் எழுதியவருக்கு

ஊசி இறங்குவதே தெரியாமல் ஊர்க்கதை பேசிக் குருதி எடுக்கும் கைராசிக்காரரே! அதட்டலுக்குள் அன்பை ஒளித்துவைத்த அம்மையாரே! பிஸ்கட்டைத் தின்று முடிக்காமல் எழுந்த கொடையாளரை, அவர் தாசில்தாரே ஆனாலும், தோளைப் பிடித்து உட்காரவைத்த தைரியசாலியே! முப்பத்தோராண்டு அரசுப் பணியில் பத்தொன்பது ஆண்டுகளை நம் மருத்துவமனை ரத்த வங்கிக்கே அளித்து, இன்று ஓய்வுபெறும் ஆய்வக நுட்புநர் திருமதி சந்திரலேகா அவர்களே! வணங்குகிறோம்.

"என்னையப் புகழ்ந்து பேசுனா எந்திரிச்சுப் போயிருவேன்" என்று நேற்றே மிரட்டினீர்கள். அதனால்தான் உங்கள் நாற்காலியை மேடையின் நட்டநடுவில் போட்டிருக்கிறோம். அடுத்தவரை ஊரறியப் பாராட்டியே பழகிய நீங்கள் இன்று ஒருநாள் எங்களிடம் வசமாக அகப்பட்டுக்கொண்டீர்கள்.

குருதி கொடுக்க நாற்பத்தைந்து கிலோ எடை வேண்டும். நீங்களோ எத்தனை தீபாவளிப் பலகாரம் தின்றாலும் நாற்பத்து மூன்றைத் தாண்டியதில்லை. "குடுக்குற பாக்கியம் எனக்கில்ல, குடுத்தவுக பேரையாச்சும் எழுதுறேன்" என்று வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டினீர்கள். அன்றன்று கொடுத்தவரின் சம்மதம் கேட்டு, பெயரையும் ஊரையும் முத்து முத்தாக எழுதினீர்கள். வங்கி மேலாளரும் பிள்ளையார்பட்டியில் அருகம்புல் மாலை விற்பவரும் அதில் ஒரே அளவு எழுத்தில் நின்றார்கள். பிறந்தநாள் முகாமில் கட்டிலில் படுத்துப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்த பிரமுகரின் பெயரோ பலகை ஏறவில்லை. அவருடைய ஆட்கள் கூச்சலிட்டபோது, "ஐயா மறுபடி வந்து படுக்கட்டும், எழுதிருவோம்" என்றீர்கள். ஐயா வரவில்லை.

இவ்வளவு நல்ல பலகை, பத்தாண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

கீழச்சிவல்பட்டியில் சரக்கு வேன் ஓட்டும் மாயக்கண்ணன், பேறுகாலத்தில் ரத்தம் வற்றிக்கிடந்த, முன்பின் அறியாத ஒரு தாய்க்குக் குருதி கொடுத்தார். அவர் பெயரையும் எழுதினீர்கள். பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர் ஒருவர் அதைப் பார்த்தார். மாயக்கண்ணனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் பெரியப்பா அவர். ஆசுபத்திரி வாசலில் பெயர் எழுதிப் போட்டிருந்தால் பெரிய நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, அடுத்த பேருந்தில் பெண்வீடு இருக்கும் நேமத்தான்பட்டிக்குப் போய்ச் சொல்லிவிட்டார். பத்திரிகை கொடுத்து முடித்த கல்யாணம், பன்னிரண்டு நாள் இருக்கையில் நின்றது.

மறுநாள் காலை மாயக்கண்ணன் உங்கள் முன் வந்து நின்றார். "நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனீக மேடம். ஆனா எம் பேரை அழிச்சிருங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். நீங்கள் டஸ்டரை எடுத்தீர்கள், கீழே வைத்தீர்கள், அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அவருடைய கொடையாளர் அட்டையோடு நேமத்தான்பட்டிக்குப் புறப்பட்டீர்கள்.

பெண்ணின் தகப்பனார் சேவுகப்பெருமாள் உங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அட்டையைக் காட்டி விளக்கிய பிறகும் அவர் இறங்கி வரவில்லை. "சீக்கு இல்லேங்கிறீக, சரி. உடம்புல இருந்த ரத்தத்தைத் தூக்கிக் குடுத்துட்டு வந்த ஆளு, நாளைக்கு எம் புள்ளைய வச்சுக் காப்பாத்துவாரா?" என்றார். வாய்ச்சண்டையில் ஒருநாளும் தோற்காத உங்கள் குரல் அங்கே உடைந்தது. "நான் எழுதுன எழுத்தால ஒரு கல்யாணம் நிக்கும்னா, இனி அந்தப் பலகையில ஒரு பேரும் எழுத மாட்டேன்யா" என்றீர்கள்.

அப்போது உள்ளே இருந்த பெண் வாசற்படிக்கு வந்தார். "முகந்தெரியாத பொம்பளைக்கு ரத்தம் குடுத்தவுக, என்னையக் கைவிட்டுருவாகளாப்பா? எனக்கு அவுகதான் மாப்பிள்ளை. மேடம், அந்தப் பேரை அழிச்சிராதீக!"

குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. அடுத்த மாதமே சேவுகப்பெருமாள் தாமே வந்து குருதி கொடுத்தார். தம் பெயரை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொல்லி அடம்பிடித்தார். நீங்கள் மசியவில்லை. ஆனால் அன்று முதல் பலகையின் தலைப்பில், "இவர்கள் நோயாளிகள் அல்லர், நோயாளிகளைக் காத்தவர்கள்" என்று ஒரு வரி சேர்ந்தது.

அம்மையீர்! வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வெள்ளந்தி மனிதரை உயர்த்தியவரே! விருது எதுவும் உங்களைத் தேடி வரவில்லை என்பதில் எங்களுக்குக் கோபம் உண்டு. உங்களுக்கு இல்லை, அது எங்களுக்குத் தெரியும். உங்கள் அதட்டல் இல்லாத நாளைய காலையை நினைத்தால் எங்களுக்கு நிசமாகவே வருத்தமாக இருக்கிறது. உண்ட சோறு உடம்பில் ஒட்டி, உற்றார் சூழ, உறக்கமும் உவகையும் குறையாமல் நூறாண்டு வாழுங்கள்! எடை நாற்பத்தைந்தைத் தொட்டதும் குருதி கொடுக்க வந்து, வயது போய்விட்டதென்று மறுக்கும் எங்களோடு சண்டைக்கு நில்லுங்கள்!

இறுதியாக ஒன்று. இம்மடலை எழுதியவர்கள் நாங்கள் எல்லோரும். வாசிப்பவர் யார் என்பதை இங்குள்ள பலர் அறியமாட்டார்கள். கல்யாணமான பிறகு, நீங்கள் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததால் ஆய்வக நுட்புநர் படிப்பு முடித்து, நாளை காலை உங்கள் மேசையில் பொறுப்பேற்கப்போகிற பாண்டீஸ்வரி மாயக்கண்ணன். அழிக்காதீக என்று அன்று வாசற்படியில் நின்று உங்களிடம் சொன்ன பெண் நான்தான், மேடம்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
ரத்த வங்கி மற்றும் ஆய்வகப் பணியாளர்கள்,
காரைக்குடி வட்டாரம்.