வடைக்குக் கீழே கிடந்த ஊர்ப் பக்கம்

பொங்கல் விழாவுக்குப் பெருமை சேர்க்கத் தலைமையேற்றிருக்கும் டாக்டர் திருமூர்த்தி அவர்களே! எடிசன் நகரத்துப் பனியையும் பார்க்கிங் போராட்டத்தையும் வென்று வந்திருக்கும் பெரியோர்களே! பொங்கல் கிளறிய கையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் எங்கள் செல்வங்களே! உங்கள் பசி எனக்குத் தெரியும். ஆனாலும் இலை போடுமுன் உங்கள் சங்கச் செயலாளன் நஞ்சுண்டன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வியாழன்தோறும் நம் வாசலில் வந்து விழுகிறதே ‘ராரிடன் லாந்தர்’, அந்த உள்ளூர்ப் பத்திரிகையை நாம் என்ன செய்தோம்? படித்தோமா? விரித்தோம்! காய் நறுக்க விரித்தோம், கறிவேப்பிலை உருவ விரித்தோம், வடையின் எண்ணெய் வடிய விரித்தோம். சிரிக்காதீர்கள் சுவாமிநாதன், உங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியிலும் பார்த்தேன்! சென்னையிலிருந்து மூன்று வாரம் பிந்தி வரும் இதழை வரி விடாமல் படித்த நாம், வாசலுக்கு வந்ததை வடைக்குக் கொடுத்தோம்.

சென்ற ஆண்டுப் பொங்கல், இதே மண்டபத்து அடுக்களை. வடையை அள்ளிய கலாவதி அம்மையார் கீழே கிடந்த தாளைப் பார்த்துக் கத்தினார்: “நஞ்சுண்டன், இங்க வாங்க! நம்ம ஹால்ல வீக்கெண்ட் கிளாஸ் நடத்தக் கூடாதுன்னு யாரோ பெட்டிஷன் போட்டிருக்காங்க. பார்க்கிங் பிராப்ளமாம். மண்டே ஹியரிங்!”

நம் தமிழ்ப் பள்ளியின் தலைவிதி எண்ணெயில் ஊறிக் கிடந்தது, அன்பர்களே! பிரித்துக்கூடப் பார்க்காமல் அந்தத் தாளை விரித்தவன் நான்தான். திங்களன்று எண்பது பேர் ஊர்மன்றத்துக்குப் போனோம், பேசினோம். பள்ளி பிழைத்தது.

உள்ளூர்ச் செய்திகள் வரும் அந்த ‘ஊர்ப் பக்க’த்தை எழுதியவர் ஜோன் பிரிட்சர்ட். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊர்மன்றக் கூட்டம் ஒன்றையும் தவறவிடாதவர். அந்தப் பத்திரிகையின் கதையைக் கேளுங்கள். அச்சகம் வைத்திருந்த ஒருவர் தொடங்கினார், மகள் வளர்த்தார், பேரன் விற்றார். வாங்கியவர் பக்கத்து மாவட்டத்துக்காரர். அவரும் விற்றுவிட்டார். இன்றைய முதலாளி எந்த ஊரில் இருக்கிறார் என்று ஜோனுக்கே தெரியாது. அவரிடமிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்திருக்கிறது: மார்ச் முதல் ஊர்ப் பக்கம் கிடையாது, ஜோனுக்கும் வேலை கிடையாது. வாசகர்கள் வேண்டுமென்று எழுதிக் கேட்டால் யோசிப்பாராம்.

கைதட்டாதீர்கள், கோபப்படுங்கள்! வாங்குகிறவர் மாறலாம், விற்கிறவர் மாறலாம். நம் தெருவில் நடப்பதை நமக்கு யார் சொல்வது?

நேற்று ஜோனிடம் கேட்டேன்: “உங்களுக்கு வேறு வேலை கிடைக்காதா?” அவர் சொன்னார்: “கிடைக்கும், நஞ்சுண்டன். ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் யார் போய் உட்காருவார்கள்?” எனக்கு வெட்கமாக இருந்தது. விழாவுக்கு வரும்படி அழைத்தேன். அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நான் பேசுவது ஒரு சொல்லும் புரியாமல், தன் பெயரைக் கேட்டதும் சிரிக்கிறார்.

உங்கள் நாற்காலிதோறும் இந்த வாரத்து லாந்தர் இருக்கிறது. கதவருகே முதலாளிக்கான கடிதமும் பேனாவும் காத்திருக்கின்றன. படியுங்கள், கையெழுத்திடுங்கள், அப்புறம் பந்திக்கு வாருங்கள்.

இவ்வளவு நேரம் பசி பொறுத்த உங்களுக்கு என் நன்றியும் பொங்கல் வணக்கமும். வடை தயார். இந்த முறை பேப்பர் டவலில்தான் வடிகிறது!