பச்சையாகாத பட்டை

டீச்சர்: இன்னும் பூட்டலையாக்கா? ஸ்கூல்ல வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்ல.

நர்ஸ்: நீங்க இருக்கீங்களே. அடக்கம் முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்.

டீச்சர்: போனேன். வாசல் வரைக்கும் போயிட்டு... திரும்பி வந்துட்டேன்.

நர்ஸ்: உக்காருங்க. அந்தக் கட்டில்லயே உக்காருங்க, பரவாயில்ல.

டீச்சர்: நம்ம வாலுப்பொண்ணு படுக்கிற கட்டில். அவளை அடக்கம் பண்ணிட்டு வந்து இதுலயே உக்கார்றேன்.

நர்ஸ்: ம். வாரத்துக்கு ரெண்டு தடவை அவளுக்குத் தலைவலி வரும். கரெக்டா உங்க கணக்கு பீரியட்ல.

டீச்சர்: எனக்குத் தெரியாமலா? நான்தான் அனுப்புவேன். ‘மூஞ்சியே சரியில்ல, போய் நர்ஸ் அக்கா ரூம்ல கொஞ்ச நேரம் படு’ன்னு.

நர்ஸ்: அட... நீங்க கோவிச்சுக்குவீங்களேன்னு ரெஜிஸ்டர்ல வயித்துவலி, வாந்தின்னு நான் மாத்தி மாத்தி எழுதிட்டிருந்தேன்.

டீச்சர்: ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்தியிருக்கா.

நர்ஸ்: சிரிச்சுக்கிட்டே ஏமாத்துவா. கோவமே வராது.

டீச்சர்: ...என்னக்கா எழுதுறீங்க?

நர்ஸ்: எழுதல. போன வியாழக்கிழமை பக்கத்தைத்தான் பார்த்துட்டிருக்கேன். நாளைக்கு மேலிடத்துல இருந்து விசாரணைக்கு வர்றாங்க. வியாழக்கிழமை டெஸ்ட்ல உடம்புல போதை மருந்து இல்லைன்னு வந்த பொண்ணு, ஞாயித்துக்கிழமை அதாலயே எப்படிச் செத்தான்னு கேட்பாங்க.

டீச்சர்: நடுவுல மூணு நாள் இருக்கேக்கா. அப்புறமா எடுத்திருக்கலாம்...

நர்ஸ்: பிரின்சிபாலும் அதையேதான் சொல்லச் சொல்றார்.

டீச்சர்: அப்போ சொல்லிடுங்களேன். விடுங்க.

நர்ஸ்: அடக்கத்துல வாலுவோட அப்பா என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னாரே, பார்த்தீங்களா?

டீச்சர்: பார்த்தேன். பக்கத்துல வரத் தைரியம் இல்ல. திட்டினாரா?

நர்ஸ்: திட்டியிருந்தா நல்லாயிருக்கும். நன்றி சொன்னார். ‘நீங்க அவளை நல்லா பார்த்துக்கிட்டீங்க’ன்னார். நான் கொடுத்தனுப்பின டெஸ்ட் ரிசல்ட் பேப்பரை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்காராம். காலைல லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குக் கிளம்புறப்ப ஒரு தடவை படிச்சுட்டுப் போவாராம்.

டீச்சர்: அக்கா...

நர்ஸ்: அதை நம்பித்தான் ஞாயித்துக்கிழமை அவ போனைத் திருப்பிக் கொடுத்திருக்கார். ஒன்றரை மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் தனியா வெளிய விட்டிருக்கார். ‘அந்தப் பேப்பர்ல வேற மாதிரி இருந்திருந்தா வாசக்கதவை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன் சிஸ்டர்’னார். குத்திக்காட்டிச் சொல்லல. சும்மாதான் சொன்னார். அதான் எனக்குத் தாங்கல.

டீச்சர்: உங்க மேல என்னக்கா தப்பு? டெஸ்ட்ல என்ன வந்துச்சோ அதைத்தானே எழுதினீங்க.

நர்ஸ்: இல்ல.

டீச்சர்: என்ன இல்ல?

நர்ஸ்: டெஸ்டுக்குக் கொடுக்கிற இந்தக் கப்பைப் பாருங்க. வெளிப்பக்கம் ஒரு பட்டை ஒட்டியிருக்கு, தெரியுதா? உடம்புல இருந்து அப்பதான் வந்த சிறுநீர்னா அந்தச் சூட்டுக்கு இது பச்சையாகும். வாலு கொண்டுவந்து நீட்டினப்ப ஆகல. கப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போன டீ மாதிரி இருந்துச்சு.

டீச்சர்: அப்படின்னா?

நர்ஸ்: அவளோடது இல்ல டீச்சர் அது. எங்கிருந்தோ வாங்கி ஒளிச்சுக் கொண்டுவந்திருக்கா.

டீச்சர்: எவ்வளவு நேரம்... எவ்வளவு நேரம் இருக்கும் அந்தச் சூடு?

நர்ஸ்: கொஞ்ச நேரம்தான். ஏன்?

டீச்சர்: ஒண்ணும் இல்ல. சொல்லுங்க.

நர்ஸ்: கீழ கொட்டிட்டு, இன்னொரு கப் கொடுத்து, திரும்ப எடுக்கணும். அதான் ரூல். அவ என் மூஞ்சியையே பார்த்துட்டு நிக்கிறா. இதே டெஸ்ட்ல ஏற்கெனவே ரெண்டு தடவை மாட்டினவ. மூணாவது தடவைன்னா ஸ்கூலை விட்டே பேரை எடுத்துடுவாங்க. ‘அத்தை, இந்த ஒரு தடவை’ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

டீச்சர்: அத்தைன்னா கூப்பிடுவா உங்களை?

நர்ஸ்: அன்னிக்குத்தான் கூப்பிட்டா. பட்டை பச்சைன்னு எழுதிட்டேன். இதோ, என் கையெழுத்து.

டீச்சர்: யாருக்காவது தெரியுமா?

நர்ஸ்: உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். நாளைக்கு அவங்ககிட்டயும் சொல்லிடுவேன். வேலை போகும், போகட்டும். அவங்கப்பா வீட்டுக்கும் போகணும். அதை நெனச்சாதான் காலு வரமாட்டேங்குது.

டீச்சர்: நீங்க நல்லது நெனச்சுத்தானேக்கா செஞ்சீங்க.

நர்ஸ்: அவரு கேட்டா அதைச் சொல்ல முடியுமா?

டீச்சர்: ...முடியாது.

நர்ஸ்: இதுகூடப் பரவாயில்ல டீச்சர். நான் பெரியவ, தாங்கிக்குவேன். எனக்கு வேற ஒரு கவலை. அவளுக்குச் சிறுநீர் கொடுத்தது எந்தப் பொண்ணு?

டீச்சர்: அதைத் தெரிஞ்சு என்னக்கா பண்ணப்போறீங்க?

நர்ஸ்: மாட்டிவிட இல்ல. யோசிச்சுப் பாருங்க, பதினாறு வயசுப் பொண்ணு. ஃப்ரெண்டு கெஞ்சினான்னு பாவப்பட்டுக் கொடுத்திருக்கும். இப்ப சேதி தெரிஞ்சு எங்க உக்காந்திருக்கோ. வீட்ல சொல்ல முடியாது, சோறு இறங்காது. நம்மாலதான் செத்துட்டான்னு நெனச்சு அது ஏதாவது பண்ணிக்கிட்டா?

டீச்சர்: அப்படில்லாம்... பண்ணிக்காது.

நர்ஸ்: உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னிக்கு ஒவ்வொரு பொண்ணு மூஞ்சியா பார்த்தேன். எல்லாமே அழுதுட்டிருக்குதுங்க, எதைன்னு கண்டுபிடிக்கிறது? நாளைக்கு அவங்க வர்றதுக்கு முன்னாடி, கண் டெஸ்ட்னு சொல்லி ஒவ்வொருத்தியா இங்க கூப்பிடலாம்னு இருக்கேன்.

டீச்சர்: கூப்பிட்டு?

நர்ஸ்: உன் ஒருத்தி மேல தப்பு இல்லம்மா, நானும் தெரிஞ்சேதான் விட்டேன்னு சொல்வேன். அதுக்கு இது தெரியணும். தனியா சுமந்துட்டுத் திரியக் கூடாது.

டீச்சர்: சொன்னா... ஆறிடுமா அதுக்கு?

நர்ஸ்: ஆறாது. பக்கத்துல ஒரு ஆள் இருக்கும், அவ்வளவுதான். ஏன், உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா? அவ யார்கூடச் சுத்துவான்னு உங்களுக்குத்தானே தெரியும். சொல்லுங்க... என்ன டீச்சர், எந்திரிச்சுட்டீங்க?

டீச்சர்: யாரையும் கூப்பிடாதீங்கக்கா. வியாழக்கிழமை காலைல ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா. ‘நிறுத்திட்டேன் மிஸ், சத்தியமா நிறுத்திட்டேன், பழசுதான் உடம்பை விட்டுப் போகமாட்டேங்குது’ன்னு அழுதா. நம்பிட்டேன்... அது என்னோடதுக்கா, நான்தான் கொடுத்தேன்.