பல்புக்கு எட்டாத கை

சித்தப்பா அம்மாவைவிடக் குள்ளம். பல்பு மாற்றக்கூட ஸ்டூல் வேண்டும். "வாங்க பனைமரம்" என்று அம்மா கேலி செய்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். காலையில் நீங்கள் கொடுத்த நம்பருக்குத்தான் பேசுகிறேன், போலீஸ் அக்கா. அம்மா இப்போதுதான் தூங்கினாள். மெதுவாகச் சொல்கிறேன்.

அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர் அவர். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வந்த பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் நடுவில் அவர்கள் இரண்டு பேர். ஓரத்தில் நான், பாதித் தோள் வெட்டுப்பட்டு. படத்தில் யாருக்கு எவ்வளவு இடமோ, வீட்டிலும் அவ்வளவுதான். பள்ளியில் குறும்படம் எடுக்கப் பழகியபோது இது புரிந்தது.

போட்டிக்கு என்று சொல்லி அவரை நடிக்கக் கூப்பிட்டேன். நான் அவரிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்.

"எங்க நிக்கணும், டைரக்டரம்மா?"

போனைத் தரையில், செருப்பின்மேல் சாய்த்து வைத்தேன். அதன் பக்கத்தில் அவரை நிறுத்திவிட்டு, தூரத்து மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்னை அடிக்கிற மாதிரி கைய ஓங்குங்க."

"உன்னையா? அதெல்லாம் நமக்கு வராதும்மா."

"சரி, பல்ப கழட்டுற மாதிரி தூக்குங்க."

தூக்கினார். போனுக்குத் தெரிந்தது அவர் முதுகும் கையும்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

படத்தில் அவர் தலை கூரையை முட்டியது. அவர் காலிடுக்கில் ஒரு பொட்டாக நான். "அடேயப்பா, நானா இவ்ளோ ஒசரம்! எனக்கும் அனுப்பு" என்றார்.

அனுப்பினேன். பிறகு சத்தத்தை எடுத்துவிட்டு அம்மாவுக்கும் அனுப்பினேன். கீழே ஒரு வரி: தினமும் இப்படித்தான்.

அம்மா வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னய்யா இது? எம்புள்ளையவா?"

"ஐயோ, நடிப்புடி அது. பாப்பா, நீயே சொல்லும்மா."

நான் அதே மூலையில் போய், அதே மாதிரி உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அம்மாவிடம், "புள்ளைய ஒண்ணும் கேக்காத. நான் போறேன்" என்றார்.

ரயில் பாதையில் அவர் உடலைக் கண்டெடுத்த நீங்கள், அவர் போனை என்னிடம் நீட்டினீர்கள். முகப்பில் அந்த வீடியோவிலிருந்து எடுத்த படம். இதை ஏன் வைத்திருந்தார் என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன்.

தெரியும். அவரும் நானும் மட்டும் இருக்கிற படம் அது ஒன்றுதான்.

நான் அவரைத் தொடக்கூட இல்லை, அக்கா. போனைத் தரையில் வைத்தேன். அவ்வளவுதான்.