மழலையர் காப்பகங்களைக் காத்த ஒற்றை வரிக்கு எங்கள் நன்றி மடல்

நாடாளுமன்ற விதிகள் பிரிவின் நடுநாயகமே! நறுக்கென்ற சொல்லும் நகைக்கத் தெரிந்த முகமும் ஒருங்கே வாய்த்த நல்லவரே! எந்தக் கோப்பை நீட்டினாலும் "சரி, அப்புறம்?" என்று கேட்டு எங்களைத் திணறடித்து, 'அப்புறம் அக்கா' என்றே பெயர் வாங்கிய அன்புத் தலைவியே! வணக்கம்.

சட்டத்தை அவை இயற்றும். அதன்கீழ் விதிகளைத் துறைகள் வகுக்கும். தகாத விதியை அவை தள்ளுபடி செய்யும். அவ்விதிகளை ஆராய்ந்து அவைக்கு எடுத்துரைக்கும் இப்பிரிவில், கொட்டாவி வரவழைக்கும் தாள்களைக் கொட்டாவியின்றிப் படித்தவர் தாங்கள் ஒருவரே! சிடுசிடுப்பு சற்று உண்டு. இந்தப் பாராட்டு விழா மேடையில் அதைச் சொல்வானேன்!

மாடிகளில் இயங்கும் மழலையர் காப்பகங்களை மூடச்சொல்லி ஒரு துறை விதி வகுத்ததை மறப்போமா! நம் கேன்டீனில் தேநீர் போடும் தங்கையின் கைக்குழந்தை அப்படியொரு மாடியில்தான் இருந்தது. காப்பகம் மூடினால் அவள் வேலையும் போகும். அவ்விதியை ரத்து செய்யும் தீர்மானம் அவைக்கு வந்ததும், வென்றேவிட்டோம் என்று நாங்கள் குதித்தோம். தங்கையிடம் ஓடிப்போய்ச் சொல்லியும் விட்டோம்.

தாங்கள் மட்டும் கேட்டீர்கள்: "புது விதி போயிடும், சரி. அப்புறம் எந்த விதி இருக்கும்?"

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய விதிகளை நீக்கிவிட்டுத்தான் புதியது வந்திருந்தது. நம் சட்டப்படி, புதியதை ரத்து செய்தால் பழையது தானாகத் திரும்பாது. உரிமம் வழங்க விதியே இல்லாமல், மாடியென்ன தரைத்தளமென்ன, எல்லாக் காப்பகங்களும் மூட வேண்டியதுதான். நல்லது செய்யப் போய் அத்தனை குழந்தைகளையும் தெருவில் நிறுத்த இருந்தோம்!

அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லித் தாழ்வாரத்தில் ஓடினீர்களே, அந்த ஓட்டத்துக்கே ஒரு பதக்கம் தரலாம்! தீர்மானம் கொண்டுவந்த உறுப்பினர், "இப்பப் போய்த் திருத்தம்னா தோத்துடுவோம்மா" என்று தயங்கினார்.

"இந்த வரி இல்லாம ஜெயிச்சா அதைவிட மோசம் சார்" என்றீர்கள்.

'பழைய விதிகள் மீண்டும் நடைமுறைக்கு வரும்' என்ற ஒற்றை வரி, வாக்கெடுப்புக்குச் சற்று முன்னர் அவைத்தலைவரின் அனுமதியோடு சேர்ந்தது. தீர்மானம் நிறைவேறியது. அப்பாடா! அன்று நாங்கள் விட்ட பெருமூச்சில் மேசைமேலிருந்த தாள்கள் பறந்திருக்கும்.

மறுநாள் தங்கை குழந்தையை மாடியில் விட்டுவிட்டு, வழக்கம்போல் வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நடந்ததைச் சொன்னோம். "நடுவுல இப்படி ஒரு கண்டமா இருந்துச்சு?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு வெகுநேரம் அழுதாள்.

எங்கள் அக்காவே! நோயணுகா உடலும் நிறைந்த உறக்கமும் பெற்று, இனி எந்தத் தாழ்வாரத்திலும் ஓடாமல், நெடுங்காலம் நிம்மதியாக வாழ்க! பிரிவின் வழக்கப்படி தங்களுக்கு அடுத்த மூத்த அதிகாரியே இம்மடலில் முதலில் ஒப்பமிட வேண்டும். இம்முறை அவர் பேனாவைக் கேன்டீனுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

இங்ஙனம்,
தேநீர் போடும் தங்கை
அவளுக்குக் கீழே, விதிகள் பிரிவினர் அனைவரும்