பதினொரு கல்

அஞ்சலீனா: நில்லுங்கோப்பா. ஊர் முழுக்க மூண்டே மூண்டு வீடோ?

கிறகரி: மூண்டிலைதான் ஆக்கள். டப்ளின்காரர் புதுசாக் கட்டின வீடு ஏழு இருக்கு. ஆகஸ்டிலை வந்து பத்து நாள் நிண்டிட்டுப் பூட்டிப்போட்டுப் போயிடுவினமாம்.

அஞ்சலீனா: நீங்கள் ஜனிட்டரா இருக்கிற எங்கட கட்டடத்திலையே நாப்பது வீடு. இதைப் பாக்கவோ மொன்றியலிலையிருந்து அயர்லாந்துக்குப் பிளேன் ஏறினனீங்கள்?

கிறகரி: முந்தி அங்கையும் நாப்பது வீடுதானாம். உருளைக்கிழங்கு அழுகி வந்த பஞ்சத்திலை பாதிச் சனம் செத்து, மிச்சம் கப்பலேறியிட்டுது. இப்ப சுவர் மட்டும் நிக்குது... உள்ளுக்கை மாடு படுக்குது.

அஞ்சலீனா: சரி. எங்கட கட்டடத்திலை இருந்த மிஸ் நோராவின்ர சாம்பலை அவ பிறந்த ஊரிலை நல்லபடியாத் தாட்டனீங்களோ?

கிறகரி: தாட்டன்...

அஞ்சலீனா: என்ன இழுக்கிறியள்?

கிறகரி: சேமக்காலையிலை, மற்றக் கல்லறையளோடை இல்லை. கோயிலுக்குத் தூரத்திலை ஒரு மேட்டு வயல். அங்கைதான் வைக்கச் சொல்லி எழுதியிருந்தவ.

அஞ்சலீனா: வயலிலையோ? நாள் தவறாமல் பூசைக்குப் போன மனுசியை?

கிறகரி: கேளும். போய்ப் பாத்தால் ஒரே புல்லும் கல்லும். மரித்தோர் திருநாளுக்கு முதல் மன்னாரிலை நாங்கள் சேமக்காலை துப்பரவாக்கிறது தெரியுந்தானே. அதே மாதிரிப் புல்லைப் பிடுங்கி, கல்லெல்லாம் பொறுக்கி ஒரு மூலையிலை அடுக்கினன்.

அஞ்சலீனா: அங்கை போயும் ஜனிட்டர் வேலை.

கிறகரி: பதினொரு கல்லு... அந்த நேரம் பேனாட் எண்ட மாட்டுக்காரக் கிழவன் வந்தார். ஏசேல்லை. தொப்பியைக் கழட்டிப்போட்டு, "தம்பி, நீ அடுக்கி வைச்சிருக்கிறது பதினொரு பிள்ளையள்" எண்டார்.

அஞ்சலீனா: ...யேசுவே.

கிறகரி: ஞானஸ்நானம் எடுக்காமல் செத்த குழந்தையளை முந்தி சேமக்காலைக்குள்ளை விடமாட்டினமாம். பொழுதுபட தகப்பன் தனியக் கொண்டுபோய் அந்த வயலிலை தாட்டு, ஒரு கல்லு வைக்கிறது. பேரில்லை. நோராவோடை இரட்டையாப் பிறந்த தம்பியும் அங்கைதான். வெண்ணெய் வாற மரப்பெட்டிக்குள்ளை வைச்சுத் தாட்டதாம்.

அஞ்சலீனா: ஐயோ, கல்லை என்னப்பா செய்தனீங்கள்?

கிறகரி: கல்லு கிடந்த இடத்திலை புல்லு வெளிறிக் கிடந்துது. அதைப் பாத்துப் பாத்து ரெண்டு பேருமாத் திருப்பி வைச்சம். ஒண்டுக்கு மட்டும் இடம் பிடிபடேல்லை... அதை நோராவுக்குப் பக்கத்திலை வைச்சன்.

அஞ்சலீனா: அவ ஏன் இதுக்கு உங்களைப் பிடிச்சவ?

கிறகரி: பதினாலு வருசம் அவவின்ர வாசலிலை ஸ்னோ அள்ளினனான்...

அஞ்சலீனா: அதுக்கோ?

கிறகரி: இல்லை. ஒருநாள் அவவின்ர ஹீற்றர் திருத்தேக்கை, உமக்குச் சொல்லாத ஒண்டைச் சொல்லிப்போட்டன்.

அஞ்சலீனா: என்னத்தை?

கிறகரி: எங்கட மூத்தவன்... எண்பத்தஞ்சிலை, மன்னாரிலை. ஞானஸ்நானம் குடுக்கக் கோயில் சுவாமியாரைத் தேடிக் காணாமல் நான் திரும்பி வரேக்கை நீர் மயக்கம், பிள்ளை உயிரோடை இல்லை. சுவாமி வந்து ஞானஸ்நானம் குடுத்தவர் எண்டு உமக்குச் சொன்னது பொய்.

அஞ்சலீனா: சேமக்காலையிலை, மதிலோரம் எண்டு...

கிறகரி: மதிலுக்கு வெளியாலை. உள்ளுக்கை விடமாட்டினம் எண்டு நானே நினைச்சன். வெக்கத்திலை ஆரையும் கேக்கவுமில்லை. நானும் ஒரு கல்லுத்தான் வைச்சன். இருபத்திரண்டு வருசமாய்ப் பேரில்லாமல் கிடக்கிறான்... என்னை ஏசும், அஞ்சலீனா. ஏதாவது சொல்லும்.

அஞ்சலீனா: யோசெப். அவன்ர பேர் யோசெப். நீங்கள் சுவாமியைத் தேடிப் போன கையோடை பிள்ளை நீலமாகிச்சுது. அவசரத்துக்கு ஆரும் குடுக்கலாம் எண்டு சின்னனிலை படிச்சது ஞாபகம் வர, தலையிலை தண்ணி வாத்து நானே ஞானஸ்நானம் குடுத்தனான். பேந்து சுவாமியும் குடுத்தவர் எண்டு நீங்கள் சொல்ல, ரெண்டுதரம் குடுத்தது பாவமாகியிடும் எண்டு பயந்து வாய் திறக்கேல்லை... அவன் மதிலுக்கு உள்ளுக்கை படுக்க வேண்டிய பிள்ளையப்பா.