கிளிமூக்கை மூடிட்டுக் குடுங்க

ஐயோ, அப்படி நீட்டாதீங்க! திறந்த கத்தியை யாராவது மூஞ்சிக்கு நேரா நீட்டுவாங்களா? முதல்ல மூடுங்க. எனக்கு வேண்டாம், அந்த பெஞ்சு மேலயே வைங்க. ம். இந்தப் பட்டறையில முதல் ரூல் அதான். கத்தி கை மாறணும்னா மூடித்தான் மாறணும்.

அப்பா இப்போதைக்கு வரமாட்டாரு. ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வினைல் தரை ஒட்டிட்டு வந்திருக்காரு, முழங்கை வரைக்கும் பசை. தண்ணிச் சத்தம் கேக்குதுல்ல? அதெல்லாம் சுரண்டிக் குளிச்சு வர்றதுக்குள்ள உங்களைத் தேத்திடலாம். அக்காவா? உள்ள திரும்பத் திரும்பத் தலை சீவிக்கிட்டிருக்கா. ஏய் வாலு, வந்தவரை உக்கார வைக்காம எங்கடி இழுத்துட்டுப் போன?

உக்காருங்க, உக்காருங்க! அக்கா இல்ல, நான்தான் பேசினேன். நல்லா இருந்துச்சா? உங்க குரல் கூட வரும். வாசல்ல நின்னு, ம்க்கும்... சார்... சார் இருக்காங்களா... நான் வந்து... அந்தக் கண்ணாடிக் கடை... ம்க்கும். சரி, கோச்சுக்காதீங்க. பொண்ணு கேட்டு வந்தவர் தொண்டை அப்படித்தான் இருக்கும்.

உங்க கதை எங்களுக்கு அத்துப்படி. அக்கா உங்க கடைக்குத் தரை ஒட்ட வந்தா. காயற வரைக்கும் மிதிக்காதீங்கன்னு இவ்வளவு பெரிய பலகை. ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி விக்கிற ஆளு, அதை மட்டும் படிக்காம நேரா நடுவுல போய் நின்னீங்க. ஷூ ஒட்டிக்கிச்சு. ஷூவை அங்கயே விட்டுட்டு சாக்ஸோட சாரி கேட்டீங்களாம். இந்த வீட்ல உங்க பேரே ஒட்டு ஷூதான்.

விஷயத்துக்கு வர்றேன். அப்பா உங்ககிட்ட சம்பளம் கேக்க மாட்டாரு, சொந்த வீடான்னு கேக்க மாட்டாரு. மெதுவா வந்து உக்காந்து, தம்பீ... அந்த மூலையை வெட்டுங்கன்னு சொல்லுவாரு. அவ்வளவுதான். இதோ, வினைல் ஷீட்டை மூலையில மடிச்சு நிறுத்தியிருக்கேன் பாருங்க, இதே மாதிரி. சுவத்தோட கச்சிதமா உக்கார்ற மாதிரி வெட்டிட்டா சாப்பாடு, சம்மதம், எல்லாம். கெடுத்துட்டா காப்பியோட அனுப்பிடுவாரு. சித்தப்பாவே இப்படி வெட்டித்தான் தொழில்ல சேர்ந்தாரு.

வேர்க்குதா? ஃபேன் போடறேன்.

எடுங்க, மூணுல எது வேணும்? மூணுமே மடக்குக் கத்திதான். நுனி உள்பக்கமா வளைஞ்சிருக்குல்ல, அதான் கிளிமூக்கு. நேர்க் கத்தின்னா ஷீட் வழுக்கிட்டு ஓடும். இது கவ்விக்கிட்டு இழுக்கும்.

அந்தப் பளபளாவா? எனக்குத் தெரியும், அதைத்தான் எடுப்பீங்கன்னு. கடைக்காரரு சித்தப்பா தலையில கட்டினது. பிடிச்சுப் பாருங்க சார், வெண்ணெய் மாதிரிப் போகும் சார், எங்க வீட்லயே இதான் சார்! பூட்டே கிடையாது அதுல. கொஞ்சம் பின்னாடி அழுத்தம் பட்டா தானா மடங்கி விரலைக் கடிச்சிடும். சித்தப்பா விரல்ல பிளாஸ்டர் இல்லாம நாங்க பாத்ததே இல்ல. பெரிசு வேண்டாம், உங்க கைக்கு அது ஓவர். லென்ஸ் துடைக்கிற கை. பிடிச்சா விரல் சுத்தி வந்து உள்ளங்கையைத் தொடணும்.

அதுவா? டேப் சுத்தின பிடி... நல்லா பாத்துத்தான் எடுக்கிறீங்களா? அக்கா கத்தி அது. அலகு தேஞ்சு பாதியாயிடுச்சு, ஆனா யாரையும் தொட விடமாட்டா. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

நகத்தை அந்தப் பள்ளத்துல வச்சு இழுங்க. டக்குனு கேட்டுச்சா? கேக்கலன்னா அது திறக்கலைன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம். டக்! இப்ப அலகோட முதுகை லேசா அமுக்கிப் பாருங்க. மடங்கலல்ல? அப்ப நம்பலாம்.

நானா? நான் செஞ்சு காட்டினா நீங்க காப்பியடிப்பீங்க. கையில வேற எண்ணெய். நீங்களே பண்ணுங்க.

தள்ளாதீங்க! இழுக்கணும். உங்க பக்கமா இழுக்கணும், ஆனா உங்க தொடை அந்த வழியில இருக்கக் கூடாது. தள்ளி உக்காருங்க. இடது கை என்ன, கத்திக்கு முன்னாடி போய் நின்னு வரவேற்பு குடுக்குது? எடுங்க அதை, பின்னால வைங்க. முதல் இழுப்புல கோடு மட்டும். அடுத்ததுலதான் வெட்டு. மூலை வரும்போது ஒரு விரக்கடை மிச்சம் விட்டு நிறுத்திடுங்க. அப்புறமா கொஞ்சம் கொஞ்சமா செதுக்கிக்கலாம். ஒரே இழுப்புல அடி வரைக்கும் கிழிச்சா ஓட்டைதான், திரும்ப ஒட்டவே வராது. சித்தப்பா வேலை செஞ்ச வீட்லயெல்லாம் மூலைக்கு மூலை பூந்தொட்டி இருக்கும், ஏன்னு நினைக்கிறீங்க? அம்மா, இந்த இடத்துல ஒரு செடி வச்சுப் பாருங்கம்மா, வீட்டுக்கே ஒரு களை வந்துரும்மா!

சிரிக்காதீங்க, கை ஆடுது.

மெதுவா. மெதுவா... நிறுத்துங்க. இப்ப செதுக்குங்க. இன்னும் ஒரு இழை. சுவத்தோட வச்சு அமுக்குங்க.

அட.

உக்காந்துருச்சே. பூந்தொட்டி வேண்டாம் போலிருக்கே, ஒட்டு ஷூ சார்! நிஜமா. சித்தப்பா பாத்தா சாப்பாடு இறங்காது அவருக்கு.

மூடுங்க. கட்டை விரலால பூட்டை அமுக்கி, முதுகுப் பக்கம் உள்ளங்கையால தள்ளுங்க. மத்த விரலெல்லாம் வெளிய இருக்கணும். ம், சரி.

எங்கிட்ட ஏன் நீட்டுறீங்க? மூடித்தான் இருக்கு, தெரியுது. பெஞ்சுல வைங்களேன்.

இல்ல, கையில எண்ணெயெல்லாம் இல்ல.

தண்ணிச் சத்தம் நின்னுருச்சு. சீக்கிரம் சொல்லிடறேன். அப்பா உங்களை எதையும் வெட்டச் சொல்ல மாட்டாரு. அது மட்டும் நான் விட்ட கதை. அவரு நேத்தே சரின்னுட்டாரு. சாக்ஸோட நின்னு சாரி கேட்டான்ல, அந்தப் பையன் போதும்னாரு. அடிக்காதீங்க!

மத்ததெல்லாம் நிஜம். கத்தி, பூட்டு, விரக்கடை, எல்லாம் அக்காவும் அப்பாவும் பேசிக் கேட்டது. யாரு எப்படிப் பேசினாலும் எனக்கு அப்படியே வந்துரும். ஆனா இந்தக் கத்தியை நான் ஒரு தடவை கூடத் திறந்ததில்ல. சித்தப்பா விரல் கிழிஞ்ச அன்னிக்கு நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன். மயங்கி விழுந்தேன். எல்லாரும் கை தட்டினாங்க. நடிக்கிறேன்னு நினைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் எத்தனை தடவை பயமா இருக்குன்னு சொல்லியாச்சு. அக்கா என்ன சொல்றா தெரியுமா? ஆஹா, இந்தக் குரல் யாரோடதுடி, நல்லா இருக்கேன்னு சிரிக்கிறா.

அவ உங்ககூட வந்துட்டா அப்பாவுக்கு வலது கை நான்தான். கல்யாணம் முடிஞ்சதும் அந்தக் கத்தி எனக்கு. அப்பா மெதுவா வந்து உக்காந்து, பாப்பா... அந்த மூலையை வெட்டுன்னு சொல்லப் போறது என்னைத்தான்.

இந்த வீட்ல என்னைப் பத்தி இன்னும் சரியாத் தெரியாத ஒரே ஆளு நீங்க. பயம்னு சொன்னா நீங்க நம்பிடுவீங்கன்னுதான் உங்களை இழுத்துட்டு வந்தேன்.

நம்புறீங்கல்ல?

அப்ப ஃபேனை நிறுத்துங்க, அந்த டக் சத்தம் எனக்குக் கேக்கணும். தொடையைத் தள்ளியாச்சு. இடது கை பின்னால. சரி, இப்பக் குடுங்க மாமா.

மூடிட்டுத்தானே இருக்கு?